மனப்பான்மையில் முழு மதிப்பெண்

எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு ‘டோஸ்காரர்’ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. யாராக இருந்தாலும் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். மாத்திரையை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று அளந்து சொல்வதும் டோஸ். சரியாகச் சாப்பிடாதவனை நிற்க வைத்துத் திட்டுவதும் டோஸ். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் கொடுப்பார்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் யாரைத் திட்டினாலும் என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பாதி நாள் திட்டு வாங்குகிறவன் நானாகவே இருப்பேன். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் உண்டு. இரண்டையும் நான் ஒன்றையொன்று சந்திக்க விட்டதில்லை.

“ஏய் ஜெராக்ஸ், ரெண்டு மாசமா ஒரே அட்டைய வச்சிருக்கியே, மாத்திரை சாப்பிடறியா, அடைகாக்கறியா?”

“மறந்துடறேன் அண்ணே.”

“சோறு மறக்குதா? அது மட்டும் நேரத்துக்கு ஞாபகம் வருதில்ல?”

இந்த அண்ணனுக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டென்றால் அது விளையாட்டில் ஊக்கமருந்து. கடையில் ஒரு சின்ன டிவி மாட்டியிருந்தார். ஏதோ ஒரு நாட்டு ஓட்டக்காரர் மாட்டிக்கொண்டார் என்று செய்தி வந்தால் போதும், வாடிக்கையாளர் கையில் பாதி மாத்திரை, இவர் கையில் பாதி மாத்திரை என்று அப்படியே நிற்கும். “தூக்கி எறியணும். ஒரே தடவைல ஆயுள் தடை. விசாரணை என்ன வேண்டிக் கிடக்கு? தெரியாம சாப்பிட்டேன்னு சொல்றானாம். வாய்க்குள்ள போறது தெரியாதா?”

ஊக்கமருந்து என்றதும் அவர் மனதில் ஒரே ஒரு படம்தான் வரும். கழுத்தே இல்லாத ஒரு ஆள், சாத்திய கதவு, பெரிய ஊசி. அந்தப் படத்தில் மருந்துக்கடை கிடையாது. தன் அலமாரியில் இருப்பதெல்லாம் மருந்து. அது வேறு ஜாதி.

ஒருநாள் மருந்தியல் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் அம்மாள் ஒருவர் வந்தார். முதலில் என் கடைக்குத்தான். நான்கு பக்கம், நூற்றிருபது பிரதி. ‘விளையாட்டில் ஊக்கமருந்து: மருந்தாளுநர்களின் அறிவும் மனப்பான்மையும்’ என்று தலைப்பு. அறிவுக்கு இருபது கேள்விகள். மனப்பான்மைக்குப் பத்து வாக்கியங்கள்; முழுமையாக ஏற்கிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள், வாக்கியத்துக்கு அதிகபட்சம் ஐந்து மதிப்பெண்.

“பேர் எழுத வேண்டாம் சார்” என்று அண்ணனிடம் அந்த அம்மாள் சொன்னார்.

“பேர் இல்லாம எழுத நான் என்ன மொட்டைக் கடுதாசியா போடறேன்?” என்று நான்கு பக்கத்திலும் கடை முத்திரையைக் குத்தினார் அண்ணன். உரிம எண்ணோடு.

சளி மாத்திரையில் தடை செய்த பொருள் இருக்கக்கூடுமா? ‘இல்லை.’ தடைப் பட்டியல் எத்தனை காலத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது? ‘தேவையில்லை.’ ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சில விளையாட்டுகளில் தடை செய்யப்பட்டவை, சரியா தவறா? இதற்குத் ‘தவறு’ என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘நோயாளி மாத்திரை சாப்பிடுவது குற்றமா?’ என்று ஒரு எதிர்க்கேள்வியும் போட்டார்.

மனப்பான்மைப் பகுதிக்கு வந்ததும் பேனா பறந்தது. ஊக்கமருந்து சமுதாயத்துக்குக் கேடு, முழுமையாக ஏற்கிறேன். முதல் தவறுக்கே ஆயுள் தடை வேண்டும், முழுமையாக ஏற்கிறேன். மருந்தாளுநருக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு, முழுமையாக ஏற்கிறேன். கட்டத்துக்குள் அடங்காமல் டிக் வெளியே வழிந்தது.

இரண்டு மாதம் கழித்து மருந்துக்கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் அந்த அம்மாள் முடிவுகளை வாசித்தார். ரொம்ப மரியாதையான பேச்சு. “உங்கள் எல்லாருடைய மனப்பான்மையும் மிகச் சிறப்பு. அறிவு விஷயத்தில் முன்னேற நிறைய இடம் இருக்கிறது.” சங்கத் தலைவர் முதல் வாக்கியத்தோடு கைதட்டிவிட்டதால் இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. மனப்பான்மையில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியவர்கள் முப்பது பேர் இருந்தார்களாம். ஆனால் ஆள் யாரென்று தெரிந்த தாள் ஒன்றே ஒன்றுதான். ஆகவே சான்றிதழ் அண்ணனுக்கு. அறிவில் இருபதுக்கு நான்கு என்பதை அதில் அச்சடிக்கவில்லை. சான்றிதழில் அப்படியெல்லாம் போடும் வழக்கம் கிடையாதே. லேமினேஷன் நான்தான் போட்டுக் கொடுத்தேன். உரிமத்துக்குப் பக்கத்தில், உரிமத்தைவிடக் கொஞ்சம் உயரமாக மாட்டினார்.

அண்ணன் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் இல்லை, விளையாடுகிறவரும்கூட. நீச்சல்குளத்துக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் நாங்கள் நான்கு பேர் பழைய உறுப்பினர்கள். அண்ணன், நான், மூலைக்கடைத் தையல்காரர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். பத்து மீட்டர் தூரம், காற்றுத் துப்பாக்கி, ஒரு கையால் பிடித்துச் சுட வேண்டும். இந்த விளையாட்டில் ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். கை ஆடாமல் நின்றால் போதும். அந்தப் போதும்தான் யாருக்கும் வாய்ப்பதில்லை.

அண்ணனுக்கு வாய்த்திருந்தது. கையை நீட்டினால் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். “பரம்பரைக் கை” என்பார். “எங்க அப்பா மருந்துப் பொடி நிறுத்தா தராசு முள்ளு அசையாது.” என் கையோ, துப்பாக்கி பிடித்தால் ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த வருடம் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டி எங்கள் கிளப்பில் நடந்தது. மூத்தோர் போட்டிக்கு யாரும் ஊக்கமருந்துச் சோதனை வைப்பதில்லை. அண்ணன் விடவில்லை. விளையாட்டுச் சங்கத்துக்கு மூன்று கடிதம் போட்டார். மூன்றுக்கும் என்னிடம்தான் நகல் எடுத்தார். ‘வயதாகிவிட்டது என்பதற்காக யோக்கியம் குறையலாகாது’ என்று ஒரு வரி எனக்கே பிடித்திருந்தது. மூன்றாவது கடிதத்தோடு சான்றிதழின் நகலையும் இணைத்தார். அதற்குமேல் சங்கத்தால் தாங்க முடியவில்லை. முதல் மூன்று இடம் பெறுகிறவர்களுக்குச் சோதனை உண்டு என்று பதில் வந்தது.

போட்டியன்று காலை ஏழு மணிக்கு என்னை ஏற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். வண்டியில் ஏறுமுன் சட்டைப்பையிலிருந்து தன் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து, என் கண் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். “பாத்துக்கோ. எட்டு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. இப்படித்தான் சாப்பிடணும்.”

ஏழு பேர் சுட்டோம். அண்ணன் முதலிடம், தையல்காரர் இரண்டாவது, பல் டாக்டர் மூன்றாவது. நான் நான்காவது. ஐந்தாவது வந்தவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோதனைக்கு வந்த அதிகாரி மெதுவாகப் பேசும் இளைஞர். படிவத்தை நீட்டினார். “கடைசி ஏழு நாள்ல என்னென்ன மருந்து எடுத்தீங்க சார்?”

“ஒண்ணும் இல்ல.”

“மாத்திரை, டானிக், ஏதாவது?”

“தம்பி, நான் மருந்து விக்கறவன். சாப்பிடறவன் இல்ல.”

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை. எட்டு வருடமாகத் தினமும் சாப்பிடுவதை அவர் பல் தேய்ப்பதோடு சேர்த்து வைத்திருந்தார். கழிப்பறையில் அதிகாரி கூடவே நின்றார். “அந்தப் பக்கம் திரும்பு தம்பி, வரமாட்டேங்குது.” “திரும்பக் கூடாது சார், விதி.” விதி என்றதும் அண்ணனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆறு டம்ளர் தண்ணீர் குடித்து, அதிகாரியின் கடமை உணர்ச்சியைப் பாராட்டிவிட்டு, குப்பியை நிரப்பிக் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து அண்ணன் என் கடைக்குள் வந்தார். வழக்கமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவார். அன்று வந்து நின்றார். “மூணு காப்பி” என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நகல் எடுக்கும்போது படிப்பது எங்கள் தொழிலில் தவறு. படிக்காமல் இருந்தவனை நான் பார்த்ததில்லை. அவருடைய சிறுநீரில் பீட்டா பிளாக்கர் இருந்ததாகவும், இதயத் துடிப்பைத் தணித்துக் கை நடுக்கத்தைக் குறைக்கும் அந்த மருந்து குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் எப்போதுமே தடை செய்யப்பட்டது என்றும், முதலிடம் ரத்து என்றும் எழுதியிருந்தது.

“என்ன அண்ணே இது?”

“பிரஷர் மாத்திரைடா. வெறும் பிரஷர் மாத்திரை.” அவர் குரலை நான் அவ்வளவு தணிவாகக் கேட்டதில்லை.

மூன்றாவது காப்பி வெளியே வருவதற்குள் தையல்காரர் ஒரு கவரோடு உள்ளே வந்தார். அதே தாள், அதே முத்திரை. “ஜெராக்ஸ், இதுல என்னமோ எழுதியிருக்கான், என்னான்னு பாரு” என்றவர் அண்ணனைப் பார்த்ததும், “நல்லதாப் போச்சு, நீங்களே இருக்கீங்க. நீங்க குடுக்கற வெள்ளை மாத்திரை தவிர நான் எதுவும் தொடறதில்லையே!” என்றார்.

அண்ணன் தையல்காரரின் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அந்த மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று, “இதுல ஒரு வசதி, கை நடுக்கமும் நிக்கும், ஊசியில நூல் கோக்கலாம்” என்று தையல்காரருக்கு விளக்கியவர் அவரேதான். நான் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதற்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவுதான் தெரியாது.

மத்தியானம் பல் டாக்டரும் வந்தார். அவருக்கும் அதே கடிதம். எங்கள் தெருவில் ஐம்பது தாண்டிய எல்லோருக்கும் டாக்டர் ஒருவர், மாத்திரை ஒன்று, கடை ஒன்று. பல் டாக்டர் உட்காரவில்லை. “நீங்க பாத்து சொல்லியிருக்கணும்” என்றார்.

“நீங்களும் டாக்டர்தானே?” என்று அண்ணன் கேட்டார்.

“நான் பல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எனக்கொரு கடிதம். முதல் மூவரும் நீக்கப்பட்டதால் தங்கப் பதக்கம் எனக்கு. எந்த மருந்தின் உதவியும் இன்றி நேர்மையாக வென்றதற்கு வாழ்த்து. என் மனைவி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, “மாத்திரை சாப்பிடாததுக்கு மெடல் வாங்கின முதல் ஆளு நீங்கதான்” என்றாள். அண்ணனிடம் காட்டத் தயங்கித் தயங்கிக் காட்டினேன். அவர் அதை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து ரத்த அழுத்தம் அளந்தார். நூற்றெண்பத்திரண்டு.

“சுத்தமான வீரன்” என்றார். “இப்படியே போனா சுத்தமாவே போய்ச் சேருவ. வாயைத் திற.”

அன்றைக்குத்தான் நான் ஒழுங்காக மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். எனக்கும் அதே மாத்திரைதான் என்பதால் கிளப்புக்கும் அன்றோடு முழுக்கு.

விளையாட்டுச் சங்கம் வைத்த விசாரணைக்கு நானும் அண்ணனுக்குத் துணையாகப் போனேன். நீளமான மேஜை, மூன்று பேர். நடுவில் கண்டிப்பான அம்மாள் ஒருவர். தன் நல்லொழுக்கத்துக்குச் சாட்சியாக அண்ணன் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“நீங்க மருந்தாளுநரா?”

“இருபத்தெட்டு வருஷமா.”

“இந்த மாத்திரை கை நடுக்கத்தைக் குறைக்கும்னு தெரியுமா?”

“நல்லாத் தெரியும் மேடம்.”

பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பதிலையும் அண்ணன் உண்மையாகச் சொன்னார், ஒவ்வொன்றும் அவர் கழுத்துக்கே வந்தது. படிவத்தில் ஏன் எழுதவில்லை என்றார்கள். மறந்துவிட்டேன் என்றார். சோதனை வேண்டும் என்று கேட்டதே நான்தான் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அந்த அம்மாள் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இது எதுக்குக் குடுத்தாங்க?”

“மனப்பான்மைக்கு. முதல் தப்புக்கே ஆயுள் தடைன்னு எழுதினேன்.”

“முழுமையாக ஏற்கிறேன்னா?”

“ஆமா.”

“இப்ப எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க?”

 எத்தனையோ பேரை இதே மாதிரி நிற்க வைத்துக் கேட்ட அண்ணன், அன்று எதிர்ப்பக்கம் நின்றார். “வாய்க்குள்ள போறது தெரியும் மேடம்” என்றார். “அது என்னன்னும் தெரியும். ஆனா தப்புன்னு தெரியல. இப்படியும் ஒருத்தன் இருக்க முடியும்னு நான் நம்பினதே இல்ல.”

அந்த அம்மாள் முதன்முறையாகச் சிரித்தார். அண்ணனுக்கு ஒரு வருடத் தடை. மற்ற இருவருக்கும், மருந்துக்கடைக்காரர் பேச்சை நம்பியவர்கள் என்பதால், எச்சரிக்கையோடு சரி.

தையல்காரர் மூன்று மாதம் பேசவில்லை. பல் டாக்டர் எதிரே புதிதாகத் திறந்த மருந்துக்கடைக்கு மாறினார்; அங்கும் அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். அண்ணனுக்கு டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, கையை நேராக நீட்டிக் காட்டினார். விரல் நுனிகள் ஆடின. என் கை அளவுக்கு இல்லை. ஆனால் ஆடின.

“எட்டு வருஷமா நான் சுட்டதா நெனச்சேன். மாத்திரைதான் சுட்டிருக்கு” என்றார்.

 உங்க அப்பாவுக்கு மாத்திரை இல்லாமலே கை நின்றதே என்று சொன்னேன். அவர் அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார். அப்புறம் கடையைத் துடைக்கப் போனார்.

மருந்துக்கடைச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. ஊக்கமருந்தை வன்மையாகக் கண்டிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அண்ணன் எழுந்து, “கண்டிச்சது போதும். அந்தத் தடைப் பட்டியலை யாராவது படிச்சிருக்கீங்களா?” என்றார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் சமாளித்து, ஊக்கமருந்து ஒழிப்புக் குழு ஒன்று அமைக்கலாம் என்றார். தலைவராக யாரைப் போடுவது என்ற கேள்விக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “அவரையே போடுங்க. நம்மள்ல அனுபவம் உள்ளவர் அவர் ஒருத்தர்தான்.” அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

தடைப் பட்டியலை அண்ணன் என் கடையில் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு வாங்கிக்கொண்டு போனார். பெட்டி பெட்டியாக அலமாரியை இறக்கி ஒப்பிட்டார். சளி மாத்திரை, மூட்டு வலி ஊசி, ஆஸ்துமா மருந்து, நீர் பிரிக்கும் மாத்திரை. சந்தேகம் உள்ள பெட்டிக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர். ஒரு வாரத்தில் பாதிக் கடை சிவந்துவிட்டது. அதன் பிறகு யார் வந்தாலும் முதல் கேள்வி, “நீங்க ஏதாவது விளையாடறீங்களா?” ஊன்றுகோலோடு வந்தவரையும் கேட்டார். எட்டு மாதக் கர்ப்பிணியையும் கேட்டார். அந்தப் பெண்ணின் மாமியார் பயந்து, “ஏன், விளையாடணுமா?” என்று கேட்டதைச் சுவர் வழியாகக் கேட்டு நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தார். தபால் அலுவலகத்தில் வேலை, பளு தூக்குகிறவர், முப்பது வயதிருக்கும். மூக்கடைத்த குரல். கையில் ஒரு காலி மாத்திரை அட்டை. கணவர் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றார்.

“இது ரெண்டு அட்டை குடுங்க சார்.”

“விளையாடறீங்களா?”

“ஆமா சார். சனிக்கிழமை போட்டி.”

அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக வந்த ஏதோ கலவை. பட்டியலைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “கேட்டுச் சொல்றேன். கொஞ்சம் இருக்க முடியுமா?”

என் கடை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தெரியல என்ற வார்த்தையை அந்தக் கடையில் நான் கேட்டதே இல்லை.

வாசலில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. “மருந்துக்கடை வச்சிருக்காரு, தெரியலன்றாரு. வா, எதிர்க்கடைல கேட்டாப் பட்டுனு சொல்லிடுவாங்க.”

“சொல்லிடுவாங்க” என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, காதில் வைத்தபடி காத்திருந்தார். மறுமுனையில் ஏதோ இசை ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் கணவரைத் திரும்பிப் பார்த்து, “வண்டிய ஆஃப் பண்ணுங்க” என்றார்.

இருபது நிமிடம் ஆயிற்று. போட்டி நாளில் உடம்பில் இருக்கக்கூடாத பொருள் அதில் இருந்தது. அண்ணன் மூக்கில் விடும் உப்புநீர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, எந்த மாத்திரை ஆகாது, ஏன் ஆகாது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

“எட்டு காப்பி போடுங்கண்ணா. எங்க டீம்ல எல்லாருக்கும் சளி.”

“எட்டு போதுமா?”

யோசித்தார். “ஒம்பதாப் போடுங்க. கோச்சுக்கும் ஒண்ணு குடுக்கணும். இந்த மாத்திரைய எல்லாரையும் வாங்கச் சொன்னதே அவர்தான்.”